குரல் போன எட்டு மாதம்

என் கழுத்தில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. தடித்த சங்கிலி போட்டால் மறைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறைப்பதில்லை. பார்க்கிறவர்கள் கேட்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் முழுக் கதையையும் சொல்ல என் தொண்டை இப்போது இடம் கொடுப்பதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். கழலைக்கு ஆபரேஷன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கத்தி வைப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எனக்கு நல்லது செய்தவர்களும் அதே கூரையின் கீழேதான் இருந்தார்கள். பெயரைப் போட்டால் அவர்களையும் சேர்த்து இழுத்ததாகிவிடும்.

அப்போது நான் நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய காலம்; பள்ளிக்கூடமும் தோட்டத்தை நடத்துகிற துரையின் கையில்தான். ஒரே கொட்டகை, ஐந்து வகுப்பு, எழுபது பிள்ளைகளுக்கு மேல், டீச்சர் நான் ஒருத்தி. தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அந்த மழைக்கும் மேலே கத்தித்தான் ஏழு வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

கழுத்தில் வீக்கம் முதலில் பாக்களவு இருந்தது. பிறகு எலுமிச்சங்காய் அளவானது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளையை அணைத்தாற்போலத் தைராய்டு என்று ஒரு சுரப்பி எல்லோருக்கும் இருக்கிறது. அது பெருத்தால் கழலை என்கிறோம். எங்கள் மலைப்பக்கத்தில், அதுவும் பெண்களிடம், சாதாரணமாகப் பார்க்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரிடம் காட்டினேன். எல்லோரும் அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் டாக்டர் இல்லை, மருந்து கலக்கப் பழகியவர்.

"கத்திக் கத்திப் படிச்சிக் குடுத்தா கழுத்து வீங்காம என்னா செய்யும் டீச்சரம்மா?" என்று சிரித்தார். தடவிக்கொள்ள ஒரு களிம்பு தந்தார். இரண்டு வருடம் அதையே தந்தார். கடைசியில் சோறு இறங்கும்போது அடைத்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு விசில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவர் எழுதித்தரும் துண்டுச் சீட்டு வேண்டும். கேட்டதற்கு, "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்றார். என் கணவர் சிவலிங்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு டிஸ்பென்சரி வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். "துண்டு குடுக்காம நான் எந்திரிக்க மாட்டேங்க" என்றாராம். மத்தியானத்துக்குள் துண்டு கிடைத்தது.

ஹாலிஎலயில் ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றல்ல, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் விடிய வரிசையில் நின்று, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து, இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தோம். இரத்தம் எடுத்தார்கள். கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கைக் கவ்வி அடைத்துவிட்டு ஒரு குழாய் வழியாக மூச்சுவிடச் சொன்னார்கள். சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறதா என்று உடம்பு எரிக்கும் காற்றை வைத்து அளக்கிறார்களாம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் தன்னோடு வந்த மாணவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதுளையில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் நான். என் கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாரே தவிர, அந்தக் கழுத்துக்கு மேலே காது இரண்டு இருப்பதை அவர் நினைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் கட்டிலருகே ஆஸ்பத்திரிக் கிளாக்கர் ஒருவர் வந்தார். கையில் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு கடதாசி, மைப்பெட்டி. கடதாசியை வாங்கிப் படிக்கக் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அமுக்கி, கடதாசியில் உருட்டிவிட்டார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்" என்றேன்.

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. இங்கிலீஷில் சொல்வதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று எழுதியிருந்தது.

டீச்சரைத் தொழிலாளி என்று எழுதிவிட்டார்களே என்ற ரோசம்தான் முதலில் வந்தது. இப்போது நினைத்தால் அதுவே வெட்கமாக இருக்கிறது. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் விரலை உருட்டலாமா? தன் கழுத்தில் கத்தி எங்கே போகப்போகிறது என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா என்ன?

மறுநாள் மயக்கம் தெளிந்து கண் விழித்தேன். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. பக்கத்தில் என் கணவர். "என்னங்க" என்றேன். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து எக்கிக் கூப்பிட்டேன். புஸ்ஸென்று, ஓட்டை விழுந்த பலூன் மாதிரி. அவர் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அப்போதும் அவருக்குக் கேட்கவில்லை.

"மயக்க மருந்துக் கொழாய் தொண்டையில போனதில்ல, அதுதான்" என்றார் பெரிய டாக்டர், அட்டெண்டன்ட் ஒருவரின் வாய்வழியாக. "ரெண்டு நாள்ல வந்துரும்."

நான்கு நாளாகியும் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் கூட்டத்தோடு வந்தபோது, தயாராக வைத்திருந்த துண்டுக் கடதாசியை நீட்டினேன். எனக்குக் குரல் இன்னும் வரவில்லை, என்ன ஆயிற்று என்று தயவுசெய்து விளக்குங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். வாங்கிப் படித்தவர் என்னைப் பார்க்கவில்லை. தாதியைப் பார்த்து, "இதை எழுதிக் கொடுத்தது யார்?" என்று கேட்டார். நான் என் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினேன். கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைமாட்டு அட்டையைப் பார்த்தார். "ஓ, உனக்கு எழுத வருமா?" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஆனால் கடதாசிக்கு ஒரு பலன் இருந்தது. அன்று மாலையே தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதானவர். சின்னக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, கண்ணாடியை உள்நாக்கு வரை விட்டார். "ஈ என்று சொல்" என்றார். குமட்டிக்கொண்டு வந்தது. பார்த்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடதாசியில் படம் வரைந்து, சுலபமான இங்கிலீஷில் விளக்கினார். அத்தனை நாளில் எனக்கு ஒன்றை விளக்கிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய நாண்கள் இருக்கின்றன. பேசும்போது இரண்டும் வந்து நடுவில் சேர வேண்டும். அவற்றை அசைக்கும் நரம்பு நூல் அளவுதான் இருக்கும். அது தைராய்டுக்குப் பின்புறமாக ஏறிப் போகிறது. கழலையை வெட்டும்போது என் வலப்பக்க நரம்பு அடிபட்டிருக்கிறது. நாண் ஒன்று அசையாமல் நிற்பதால் இடைவெளி வழியே காற்று போய்விடுகிறது.

"ஆறு மாதத்தில் திரும்பலாம். ஒரு வருடமும் ஆகலாம். திரும்பாமலும் போகலாம்" என்றார். பிறகு, "இப்படி நடக்கக்கூடும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருப்பார்களே?" என்று கேட்டார்.

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்லவில்லை. கழலையை விட்டுவைத்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும். நரம்பு நூல் மாதிரி என்றால் தவறுவதும் நடக்கும். தெரிந்திருந்தால் சம்மதித்தும் இருப்பேன். ஆனால் பேசிப் பிழைக்கிற ஒருத்தியிடம், பேச்சுப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அது இன்றைக்கும் ஆறவில்லை.

வார்டில் இன்னும் இரண்டு கிழமை, பதினான்கு நாள் வைத்திருந்தார்கள், காயம் சீழ் வைத்ததால். என் கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ரயிலேறி வருவார். தூக்குச்சட்டியில் குழைந்த சோறும் பருப்புத் தண்ணியும் கொண்டுவந்து, நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் தானும் சேர்ந்து எச்சிலை விழுங்குவார். நான் கையால் பேச, அவரும் பதிலுக்குக் கையை ஆட்டத் தொடங்கிவிட்டார். உங்களுக்கு வாய் இருக்கிறதே, பேசித் தொலையுங்களேன் என்று கடதாசியில் எழுதிக் காட்டினேன். "ஒனக்குத் தொணையாத்தான்" என்றார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, காயம் இழுத்து வலித்தது.

வார்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு மண் தரை. சாயந்திரம் ஐந்து மணிக்குத் தாதி வேலை பழகும் பெண்கள் அங்கே வலை கட்டிக் கரப்பந்து, அதுதான் வாலிபால், விளையாட வருவார்கள். வேறு போக்கு இல்லாமல்தான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். வலைக்குப் பக்கத்தில் நின்ற உயரமான பெண், எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடியே, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் நீட்டினாள். அடுத்த தடவை இரண்டு. ஒரு தடவை கையை மூடினாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் யார் எங்கே ஓட வேண்டும், பந்து எங்கே எழும்பும் என்று தெரிந்திருந்தது. நான் கடதாசியில் குறித்துக்கொண்டே வந்தேன். நான்கு நாளில் எனக்கும் பிடிபட்டுவிட்டது. விரலைப் பார்த்ததும் பந்து எங்கே போகும் என்று நானே சொல்லிவிடுவேன், சொல்லக் குரல் இருந்திருந்தால்.

அந்த உயரமான பெண்தான் குசுமா. எல்ல என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். காயத்துக்கு மருந்து கட்ட வார்டுக்கு வருவாள். "அக்கா, பேச எப்பா" என்பாள். எப்பா என்றால் வேண்டாம். அவளுக்குத் தமிழ் பத்து வார்த்தை, எனக்குச் சிங்களம் கொஞ்சம், குரல் சுத்தமாக இல்லை. ஒருநாள் கட்டுப்போட்டு முடித்ததும், அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இடுப்புக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டினேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து எல்லாச் சைகையையும் சொல்லித்தந்தாள்.

அப்போதுதான் அவள் மோதிர விரலைப் பார்த்தேன். அது முறிந்திருந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டரால் சுற்றியிருந்தாள். வலிக்கவில்லையா என்று முகத்தால் கேட்டேன். வலிக்கும் என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து விரலைத் தட்டிக் காட்டினாள். இது தூக்கிக்கொள்ளும் என்கிறாள். அந்த விரல்களோடுதான் அத்தனை நாளும் பந்தை ஏந்திக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பக்கத்து விரல் எது என்று அன்று முழுக்க யோசித்தேன். கை இரண்டும் சும்மாதானே கிடக்கின்றன என்று தோன்றியது.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாளே தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேச முடியாத டீச்சர வச்சிக்கிட்டு தொர என்னாங்க செய்வாரு?" என்றார். "வேல வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்கும். குவாட்டர்ஸ மெதுவா காலி பண்ணலாம்."

அவருடைய மச்சினன் அதே கிழமை என் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பிள்ளைகள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் மேசையில் இருந்த பென்சிலையே எடுத்து, "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரட்டும். வகுப்பைப் பார்த்து அவர் சொல்லட்டும்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். இன்ஸ்பெக்டர் வர மூன்று கிழமை இருந்தது.

முதல் நாள் படுதோல்வி. நான் விரலை நீட்ட, பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் கொட்டகை சந்தையாகிவிட்டது. நான் சாக்குக்கட்டியை வீசி எறிந்துவிட்டு வெளியே வந்து நின்றேன். குரலுக்குப் பதில் விரலை வைத்தால் போதும் என்று நினைத்தது மடத்தனம். குசுமாவும் மற்றப் பெண்களும் அதைத் தினமும் சாயந்திரம் பழகினார்களே, அதை நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் புத்தகத்தை எடுக்கவே இல்லை. இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே கயிறு கட்டினேன். என் கணவர் பழந்துணியைச் சுருட்டிப் பந்து செய்து தந்தார். எழுபது பேரையும் அணி பிரித்து விளையாட விட்டேன். ஒரே விதி: வாய் திறந்தால் புள்ளி போய்விடும். தலைவர் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். நான்கு நாளில் அந்த மைதானம் எப்படி அமைதியானது என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

பிறகு கொட்டகைக்குள் வந்தோம். ஒரு கைதட்டு என்றால் எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும். தூக்கிய விரல் எந்த வகுப்பு. விரித்த உள்ளங்கை எழுது, மூடிய கை நிறுத்து. எனக்கே அதிசயமாக வந்தது ஒன்று: வலக்கையால் பலகையில் ஐந்தாம் வகுப்புக்கு எழுதிக்கொண்டே, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்து இரண்டாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்தேன். மூன்று விரல், பிறகு நான்கு விரல், பிறகு மூடிய கை. ஏழு என்று சிலேட்டுகள் உயரும். மழை அடித்தாலும் வகுப்பு நிற்கவில்லை. ஏழு வருடம் அந்தத் தகரத்தோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டியதே இல்லை.

அந்த நாட்களில்தான் லெட்சுமியைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் வகுப்பு. என்ன கேட்டாலும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வாள். மக்கு என்று முடிவுகட்டி, இரண்டு வருடமாகக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் திட்டியும் இருக்கிறேன். இப்போது வாய்ப்பாட்டில் முதலில் உயர்ந்த விரல்கள் அவளுடையவை. ஒருநாள் அல்ல, தினமும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல மட்டும் வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் குரல் போக வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குடையும் கோட்டும். பெரிய கிளாக்கரும் மச்சினனும் வாசலில் நின்றார்கள்.

"டீச்சர்! உமக்குக் கதைக்க ஏலாதெண்டு ரிப்போர்ட் வந்திருக்கு!" என்று என் முகத்துக்கு நேரே கத்தினார்.

பலகையில் எழுதினேன்: "ஐயா, காது நன்றாகக் கேட்கிறது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கையைத் தட்டினேன். ஒரு மணி நேரம் ஐந்து வகுப்பையும் நடத்தினேன். நடுவில் அவர் எழுந்து தாமே கணக்குக் கேட்டார். பிள்ளைகள் பழக்கத்தில் விரலைக் காட்டினார்கள். "வாயால சொல்லுங்கோ" என்றார். சொன்னார்கள். வாசிக்கவைத்தார், வாசித்தார்கள். லெட்சுமியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவள் தலை குனிந்துவிட்டது. பிறகு இரண்டு கையையும் மேசைக்கு மேலே கொண்டுவந்து ஒன்பது விரல் காட்டினாள். விடை சரி. அவர் அவளை வாய் திறக்கச் சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதர் கத்தியதை நான் மன்னித்தேன்.

போகும்போது பதிவுப் புத்தகத்தில், வகுப்பு ஒழுங்காக நடக்கிறது, ஆசிரியையை மாற்றக் காரணம் காணவில்லை என்று எழுதினார். அதைப் பெரிய கிளாக்கர் இரண்டு தடவை படித்தார். மச்சினன் அடுத்த கிழமை வேறு தோட்டத்துக்கு வேலை தேடிப் போனதாகக் கேள்வி. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, கிளாக்கரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. குசுமாவுக்கு மட்டும் நடந்ததை எழுதி, என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். பதிலுக்கு, மைதானத்தில் ஊதுகிற விசில் ஒன்றை அவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

எட்டாம் மாதம் குரல் திரும்பியது. பாதிதான். கரகரவென்று, சளி பிடித்த ஆம்பிளைக் குரல் மாதிரி. அன்று அடுப்படியில் "என்னங்க" என்று கூப்பிட்டபோது அவர் வாசலிலிருந்து ஓடிவந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் பெருமையோடு வகுப்புக்குப் போனேன். "மூணாம் வகுப்பு, எட்டும் அஞ்சும் எவ்வளவு?" என்று கேட்டேன். பிள்ளைகள் அந்தப் புதுக் குரலுக்குத் திகைத்து, பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். பழைய இரைச்சல் நிமிடத்தில் திரும்பிவிட்டது. லெட்சுமி கத்தவில்லை. அவள் என் வாயைப் பார்த்தாள், கீழே தொங்கிய என் கையைப் பார்த்தாள், மெல்லத் தலையைக் குனியத் தொடங்கினாள்.

நான் வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை கையைத் தட்டினேன். எட்டு விரலைத் தூக்கினேன். பிறகு ஐந்து.